ஜாம்போ மேஸ்திரியின் ஆப்பிரிக்கப் பயணம்

ஆயில் எஞ்சினோடு சுவாஹிலியில் பேசிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் உத்திரமேரூர் கடைத்தெருவில் இருந்தார். ஆப்பிரிக்காக்காரர்கள்கூட எஞ்சினோடு பேசுவதாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஜாம்போ மேஸ்திரி பேசினார். எஞ்சினும் பதிலுக்குப் புகை விட்டது.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். எதிரே அவருடைய பட்டறை. சுற்றுப்பட்டு கிராமங்களில் எந்தக் கிணற்று எஞ்சின் நின்றாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள். வீடு பக்கத்துப் பெருநகர் கிராமத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஸ் ஏறிப் போவார்; மற்ற நாளெல்லாம் பட்டறையே கதி. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் வெறும் மேஸ்திரி. கடிதம் வந்தாலும் 'எஞ்சின் மேஸ்திரி, உத்திரமேரூர்' என்றுதான் வரும்.

தான்சானியாவில் கத்தாழை நார் எடுக்கும் தோட்டமொன்றில் ஃபிட்டராக இருந்த மானாம்பதிக்காரர் ஒருவர் லீவில் வந்தார். அங்கே ஒரு பழைய எஞ்சின் இருக்கிறதாம். அதன் சக்கரம் மட்டும் ஓர் ஆள் உயரமாம். அதைக் கட்டி மேய்க்க ஆள் தேடுகிறார்களாம். பாஸ்போர்ட் எடுத்து, நாலு வார்த்தை சுவாஹிலியும் கற்றுக்கொண்டால் பங்குனிக்குள் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அன்றிலிருந்து மேஸ்திரிக்குச் சோறு இறங்கவில்லை. வயது நாற்பத்தேழு. வாலாஜாபாத் ஸ்டேஷனில் ரயிலைப் பார்த்திருக்கிறாரே தவிர ஏறியதில்லை.

மானாம்பதிக்காரர் ஒரு நாற்பது பக்க நோட்டில் சுவாஹிலியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். மேஸ்திரி அதைக் கிரீஸ் கையாலேயே மனப்பாடம் செய்தார். 'ஜாம்போ' என்றால் வணக்கம். பால்காரர், பஸ் கண்டக்டர், போஸ்ட்மேன் எல்லோருக்கும் ஜாம்போதான். ஒரு வாரத்தில் நான் அவருக்கு ஜாம்போ மேஸ்திரி என்று பெயர் வைத்தேன். இரண்டு வாரத்தில் உத்திரமேரூர் முழுக்க அப்படியே கூப்பிட்டது. அப்போது அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது.

ஒரு நாள் விவசாயி ஒருவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"மேஸ்திரி, எஞ்சின் நின்னு போச்சு, நாத்து காய்து!"

"ஹபாரி யா நியும்பானி?"

"இன்னாது?"

"வூட்ல எல்லாம் சொகமான்னு கேக்கறேன்."

"வூடு கெடக்குது, நாத்து காய்து!"

"அப்டி சொல்லக் கூடாது. ந்ஸூரின்னு சொல்லு. நல்லாகீதுன்னு அர்த்தம்."

வீடு, வேலை, பிள்ளைகள், உடம்பு என்று நாலு சேதி கேட்டு, நாலுக்கும் 'ந்ஸூரி' வாங்கிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டார். இதென்ன கூத்து என்று நான் கேட்டேன்.

"அவங்க ஊர்ல அப்டித்தான் நைனா. மனுசன கேக்காம வேலைய கேக்கக் கூடாது. இப்பவே பயகினாத்தானே அங்க போனா வாயில வரும்?"

இரண்டே மாதத்தில் ஜனங்கள் பழகிவிட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்கும்போதே "ந்ஸூரி, ந்ஸூரி, ந்ஸூரி, ந்ஸூரி, மேட்டுல தண்ணி ஏறல மேஸ்திரி" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள்.

தை மாதத்தில் ஒரு காலை, ஊருக்குப் புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் கையில் காகிதத்தோடு எங்கள் கடைப் படியேறினார்.

"இங்க ஏகாம்பரம்னு யாருப்பா?"

"அப்டி யாரும் இல்ல சார்," என்றேன். எனக்கு அந்தத் தெருவில் எல்லோரையும் தெரியும் என்ற கர்வம் வேறு. பக்கத்து டீக்கடைக்காரரையும் கூப்பிட்டேன். அவர் யோசித்து, "மானாம்பதியில ஒரு ஏகாம்பரம் இருந்தாரு, அவரு செத்துப் போயி மூணு வருசம் ஆவுது" என்றார்.

எதிரே பட்டறையில் ஒரு எஞ்சின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் காதருகே குனிந்து மேஸ்திரி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா அது, எஞ்சினோட பேசறது?"

"அவரா? அவரு எங்க ஜாம்போ சார்! ஆப்பிரிக்கா போகப் போறாரு!" என்று கைகாட்டிச் சிரித்தேன். போலீஸ்காரரும் சிரித்தார். மேஸ்திரி நிமிர்ந்து எங்களுக்குக் கையாட்டினார். போலீஸ்காரர் காகிதத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து மேஸ்திரி ஒரு கடிதத்தோடு வந்தார். பட்டறை விலாசம் போட்டுப் பாஸ்போர்ட் மனு எழுதிக் கொடுத்த காஞ்சிபுரத்து ஆளிடம் போயிருந்ததாம், இங்கிலீஷில் இருக்கிறது, படித்துச் சொல் என்றார். விசாரித்ததில் மேற்படி விலாசத்தில் அப்படி ஒரு நபரே இல்லை, பாஸ்போர்ட் தர முடியாது என்று இருந்தது. படித்துவிட்டு நான் கேட்டேன்:

"யாரு மேஸ்திரி இந்த ஏகாம்பரம்?"

"நாந்தான் நைனா."

கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். மறுபடி மனு போட்டு, அலைந்து, பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஆவணி. தோட்டத்தில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு அவர் சுவாஹிலி பேசவில்லை. பழக்கத்தில் யாராவது "ந்ஸூரி" என்று ஆரம்பித்தால், "எஞ்சினுக்கு இன்னா, அத்த சொல்லு" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மெட்ராசில் வேலை கிடைத்தது. கிளம்பும் அன்று பட்டறைக்குப் போய், போலீஸ்காரரிடம் அப்படி ஆளே இல்லை என்று சொன்னது நான்தான் என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். அவர் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும் நைனா. கடுதாசி படிச்ச அன்னைக்கே உன் மூஞ்சில தெரிஞ்சிது. அந்த ஆளு வந்தப்ப நானும் பாத்துக்கினுதான இருந்தேன்? நீ கைய காட்டி சிரிச்ச. என்ன பத்தி ஏதோ பெருமையா சொல்லிக்கினு கீறன்னு நெனச்சிக்கினேன்."

பெருமையாகத்தான் சொன்னேன் மேஸ்திரி. அதைக்கூட அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. அந்தப் போலீஸ்காரர் ஏகாம்பரம் யார் என்று கேட்காமல், இந்தத் தெருவில் உனக்கு ரொம்பப் பிடித்த ஆள் யார் என்று கேட்டிருந்தால், நான் சரியாகப் பதில் சொல்லியிருப்பேன்.