முனியாண்டிக்கு ஒரு ஹோம் தியேட்டர்

"டிக்" என்றது ரிசீவர். பாட்டு பாதியில் செத்தது. முகப்பில் 'புரொடெக்ட்' என்று ஒரு சிவப்பு எழுத்து விட்டு விட்டு எரிந்தது.

"மறுபடியுமா?" என்றார் பிச்சைமுத்து. அந்தக் கோயிலுக்குத் தலைவர், பூசாரி, கூட்டிப் பெருக்குபவர் எல்லாம் அவர்தான்.

"புரொடெக்ட்டுன்னா காப்பாத்துறதுதானே தம்பி? யார யாருகிட்டருந்து காப்பாத்துது?"

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் திலீபன் முட்டி தேய முனியாண்டி முன்னால் உட்கார்ந்து வயர் முறுக்கிக்கொண்டிருக்க மாட்டான்.

மலாக்கா பக்கத்துச் சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே போனால், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இருக்கிறது அந்த முனியாண்டி கோயில். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, கையில் அரிவாளோடு சாமி. அன்று சாயங்காலம் ஆண்டுப் பூசை. அதற்குள் ரிசீவர் பாடியாக வேண்டும். அது திலீபனின் வேண்டுதல்.

போன வருஷம் அவன் மனைவி தேவமலரை ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டுபோனபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவன் முனியாண்டியிடம் பேரம் பேசினான். அவள் நடந்து வீட்டுக்கு வந்தால், தன்னிடம் இருப்பதிலேயே தனக்குப் பிடித்த பொருளைக் கொடுத்துவிடுவதாக. ஆண்டுப் பூசையில் அதில் பாட்டு ஓடும் என்றும் சேர்த்துச் சொன்னான். பயத்தில் இருப்பவன் பொய் சொல்வதில்லை. குருபோங்கில் அவன் வீட்டு ஹாலில் இருந்த, இந்த ரிசீவரும் ஸ்பீக்கர்களும் சேர்ந்த ஹோம் தியேட்டர்தான் அவன் வாயில் வந்தது.

தேவமலர் நடந்துதான் வந்தாள். இப்போது ரம்புத்தான் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்குறதுலயே புடிச்சது அந்தப் பெட்டிதான்னு சாமிகிட்டயே ஒத்துக்கிட்டீங்க. பக்கத்துல பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தது ஞாபகம் வரல."

"உன்ன எப்படிக் குடுக்குறது? உனக்குத்தானே வேண்டுனேன்."

"சமாளிக்கிறத பாருங்க."

அவளுக்கு அடுத்த வாரம் மறுபடி செக்கப். அதுதான் திலீபனின் பயம். பாட்டு ஓடாவிட்டால் அவன் பக்கத்துப் பேச்சு முறிந்ததாகிவிடும். அப்புறம் முனியாண்டியும் தன் பக்கத்துப் பேச்சைத் திரும்ப யோசிக்கலாம். அரிவாள் வைத்திருப்பவரிடம் தவணை கேட்க முடியாது.

மெதுவாக வைத்தால் ரிசீவர் ஒழுங்காகத்தான் பாடியது. வாசல் வரை கேட்கட்டும் என்று கொஞ்சம் கூட்டினால் 'டிக்'.

அப்போதுதான் பின்பக்க வேலியைத் தாண்டி முனியம்மா வந்தாள். கோயிலை ஒட்டியே அவள் வீடு. இடுப்பில் ஒரு கூடை, அதில் உரித்த தேங்காய்கள்.

"என்னாச்சு தம்பி? நின்னுருச்சா?"

"நின்னுருச்சுக்கா."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

முனியம்மா ரிசீவரைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள். கண்ணை மூடி, உதடு அசைய, நெடுநேரம் கும்பிட்டாள். பிறகு ஒரு காயை எடுத்து ஓங்கி உடைத்தாள். ஒரு கீற்றைப் பெயர்த்து திலீபன் கையில் கொடுத்தாள்.

"சாப்புடு தம்பி. வேகாத வெயில்ல கெடந்து பாடுபடுற."

திலீபன் தலையை மட்டும் ஆட்டினான். அவன் நன்றி சொல்லும் ஆள் இல்லை. கடையில் சில்லறை வாங்கினாலும் சரி, ஓடாத காரை நாலு பேர் தள்ளிவிட்டாலும் சரி, தலையை ஆட்டுவான். நன்றி சொன்னால் ஏதோ குறைந்துவிடும் என்று வளர்ந்தவன். என்ன குறையும் என்று அவனுக்கே தெரியாது.

ஆனால் தேங்காயை மென்றபோது அவனுக்கு என்னவோ செய்தது. "பாத்தியா? யாரோ எவரோ. நமக்காக நின்னு கும்புடுறாங்க" என்றான் தேவமலரிடம்.

"அப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றது."

"முடியட்டும். சேத்துச் சொல்லிக்கிறேன்."

ரிசீவரைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. சூடுதான் கோளாறு என்று முடிவு கட்டினான். மேசைக் காற்றாடி ஒன்றை இரவல் வாங்கிவர முனியம்மா வீட்டுக்குப் போனான். வாசலில் கனத்த தொழிற்சாலை பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. ஜன்னலில் போர்வை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். வெயில் ஆகாத குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"காத்தாடியா?" என்று முனியம்மா குசுகுசுத்தாள். "இரு, மெல்ல எடுத்தாறேன்."

"சரிக்கா" என்று திலீபனும் குசுகுசுத்தான். எதற்கு என்று தெரியாமலேதான்.

காற்றாடியை ரிசீவருக்கு நேரே வைத்துப் போட்டான். முதல் சுற்றில் விளக்கு அணைந்தது. இரண்டாவது சுற்றில் தட்டில் இருந்த விபூதி எழுந்தது. பிச்சைமுத்து தலை முதல் வேட்டி வரை வெள்ளையாக நின்றார். சாமிக்கு வைத்த சுருட்டு உருண்டு ரிசீவருக்கு அடியில் போனது.

"டிக்."

"தம்பி" என்றார் பிச்சைமுத்து, இமையிலிருந்து விபூதியைத் தட்டிக்கொண்டே. "சுருட்ட முனியாண்டிக்கு வெச்சேன். பெட்டிக்கு இல்ல."

முனியம்மா வந்தாள். "நின்னுருச்சா?" என்று கேட்டாள். கும்பிட்டாள். உடைத்தாள்.

திலீபன் கோளாறைச் சூட்டிலிருந்து வயருக்கு மாற்றினான். மெல்லிய வயரில் கரண்ட் திணறுகிறது, அதான் மூச்சு முட்டுகிறது என்றான். காரை எடுத்துக்கொண்டு சிம்பாங் அம்பாட் டவுனுக்குப் போய், கடையில் இருந்ததிலேயே தடித்த செப்பு வயரை வாங்கி வந்தான். பழைய வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தான். தலையிலிருந்து வியர்வை சொட்டியது. முனியம்மா பால் விடாத தேத்தண்ணி, தே ஓ, கலக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள்.

"இனிமே பாடிருமா தம்பி?" அவள் முகத்தில் அவ்வளவு கவலை.

"பாடிரும்க்கா. நீங்க கவலப்படாதீங்க."

அவள் கவலைப்பட்டாள்.

முன்பு சத்தத்தைப் பாதி வரைக்கும் கூட்ட முடிந்தது. தடித்த வயர் போட்டபின் அதற்கும் முன்னாலேயே 'டிக்'.

"புது வயரு போட்டு இன்னும் மோசமாயிருச்சே" என்றாள் தேவமலர்.

"அதான் எனக்கும் புரியல."

பின்னால் தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை முனியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, தரையில் விழுந்தே கும்பிட்டாள். திலீபன் கை வேலையை விட்டுவிட்டு அவளையே பார்த்தான். பெற்றவள்கூட அவனுக்காக இப்படி விழுந்து கும்பிட்டதில்லை.

"பாரம் தம்பி, பாரம்" என்றார் பிச்சைமுத்து. "சாமி பல்லக்க ரெண்டு பேரு தூக்குனா தோளு எறங்கிரும். எட்டுப் பேரு தூக்குனா பூ மாதிரி போவும். ஒன் வீட்டு ஸ்பீக்கர் ரெண்டு, கோயிலு ஸ்பீக்கர் ரெண்டு. நாலுதான் இருக்கு. இன்னும் ஆளு சேத்து வுடு."

திலீபனுக்கு அது சரியாகப் பட்டது. பல்லக்குத் தூக்கி வளர்ந்த எவனுக்கும் சரியாகத்தான் படும். பிச்சைமுத்து போய்த் தன் காரின் பின்கதவிலிருந்து இரண்டு ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதையும் பக்கத்துக்கு ஒன்றாக, மற்றதோடு சேர்த்து அதே முனையில் முறுக்கிக் கட்டினார்கள்.

ரிசீவர் ஒரு சொல்கூடப் பாடவில்லை. பட்டனை அமுக்கியதும் 'டிக்'. மறுபடி அமுக்கினால் மறுபடி 'டிக்'. முனியம்மா திண்டாடிப் போனாள். ஒரு காயை உடைத்துக் கீற்றெடுப்பதற்குள் அடுத்த 'டிக்' வந்தது.

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. பொங்கல் பானை ஏறிவிட்டது. ஆட்கள் ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். திலீபன் சாமியைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மலாக்கால வாங்குன கடைக்குப் போன் அடிச்சுக் கேளுங்களேன்" என்றாள் தேவமலர். காலையிலிருந்து இதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அடித்தான். குகன் என்ற விற்பனையாளன் எடுத்தான்.

"எத்தன ஸ்பீக்கர் அண்ணே மாட்டியிருக்கீங்க?"

"ஆறு."

"ஹோம் தியேட்டர்னா ஆறு சரிதான். தனித்தனி எடத்துலதானே?"

"இல்ல. ரைட்டுக்கு மூணு, லெப்டுக்கு மூணு. ஒண்ணா சேத்துக் கட்டிருக்கேன்."

குகன் அந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டது கேட்டது. "அலாமாக்... ரிசீவர் பின்னால என்னா போட்டிருக்குன்னு படிங்கண்ணே."

"ஆறு ஓம்லருந்து பதினாறு ஓம் வரைக்கும்."

"ஓம்மா?" என்றார் பிச்சைமுத்து பக்கத்திலிருந்து. "அப்ப சாமி பெட்டிதான்லா."

"ஸ்பீக்கர்ல?" என்றான் குகன்.

"நாலுலயும் எட்டு. காரு ஸ்பீக்கர்ல நாலு."

"ரெண்டு எட்ட பக்கத்துல பக்கத்துல கட்டுனா எவ்ளோ வரும்?"

"பதினாறு."

"இல்லண்ணே. நாலு."

"எட்டும் எட்டும் எப்படிரா நாலு?"

"ஓம்னா தடைண்ணே. கரண்ட் ஒரேடியா ஓடாம புடிச்சு நிறுத்துறது. அன்னதானத்துல ஒரு அண்டா சோறு இருக்கு. ஒருத்தர் அள்ளுனா தாங்கும். மூணு பேரு சுத்தி நின்னு ஒரே நேரத்துல அள்ளுனா அண்டா கவுந்துரும். ஸ்பீக்கரு பாரம் தூக்குற ஆளு இல்ல, சாப்புட வந்த ஆளு. நீங்க ஆளு சேக்கச் சேக்க அண்டாவுக்குத்தான் கேடு. காரு ஸ்பீக்கரோட சேத்தா உங்களுக்கு வெறும் ரெண்டு ஓம்தான். பழைய மெல்லிசு வயராச்சும் கொஞ்சம் தடுத்துக்கிட்டு இருந்துச்சு, அதையும் மாத்திட்டீங்க."

"அப்ப அந்த 'டிக்'?"

"அதான் உங்க ரிசீவர எரியாம காப்பாத்துச்சு. அதுக்குக் கோயில் கட்டிக் கும்புடணும்."

பிச்சைமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டு தன் கார் ஸ்பீக்கர்களைத் தூக்கினார்.

"வரிசையா நிக்க வைங்கண்ணே" என்றான் குகன். "ரிசீவர் சிவப்பு முனையிலருந்து மொத ஸ்பீக்கரோட சிவப்புக்கு. அதோட கறுப்புலருந்து ரெண்டாவதோட சிவப்புக்கு. ரெண்டாவதோட கறுப்பத் திருப்பி ரிசீவருக்கு. அப்பதான் எட்டும் எட்டும் பதினாறு. சத்தம் கொஞ்சம் கொறையும். ஆனா எவ்ளோ நேரம் ஓடுனாலும் நிக்காது."

"ம்" என்று திலீபன் போனை வைத்தான்.

தேவமலர் அவனையே பார்த்தாள். "அந்தத் தம்பிக்கு ஒரு தேங்க்ஸ் சொன்னா வாய் தேஞ்சிருமா?"

திலீபன் போனைப் பார்த்தான். மறுபடி அடித்தான்.

"என்னாண்ணே? ரோசாக் ஆயிருச்சா, கெட்டுப்போச்சா?" குகன் பதறினான்.

"இல்ல. தேங்க்ஸ்."

"அண்ணே... நல்லாதானே இருக்கீங்க?"

வரிசையாகக் கட்டினான். பிச்சைமுத்து டார்ச் பிடிக்க, தேவமலர் சிவப்பு கறுப்பு சொல்லச் சொல்ல, ஒவ்வொரு முனையாக முறுக்கினான். பட்டனை அமுக்கினான். உறுமி முதலில் வந்தது. சத்தத்தைக் கூட்டினான். பாதியைத் தாண்டினான். இன்னும் கூட்டினான். நாதஸ்வரம் தகரக் கூரையில் மோதி, செம்பனை மரங்களுக்குள் போனது. 'டிக்' வரவில்லை.

பிச்சைமுத்து மணியை ஆட்டினார். வந்திருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். முனியாண்டி அரிவாளோடு கேட்டுக்கொண்டிருந்தார். திலீபன் சாமி முன்னால் நின்று வாய்விட்டே சொன்னான்: "நன்றி சாமி." ஒன்றும் குறைந்துவிடவில்லை. திரும்பித் தேவமலரிடம் வந்தான்.

"உனக்கும்."

"எனக்கு எதுக்கு?"

"திரும்பி வந்ததுக்கு."

அவள் ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று எதிர்பார்த்தான். அவளோ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போங்க, மொதல்ல அந்தக்காகிட்ட சொல்லிட்டு வாங்க" என்றாள்.

முனியம்மா வேலி ஓரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். கூடையில் ஒரே ஒரு தேங்காய் மிச்சம் இருந்தது. பாட்டு அதிர்ந்ததில் அவள் வீட்டுத் தகரம் கடகடவென்று ஆடியது. ஜன்னல் போர்வையின் ஓரம் விலகி, கண் சிவந்த ஒரு வாலிப முகம் வெளியே பார்த்தது.

திலீபன் இரண்டு கையையும் கூப்பினான்.

"அக்கா, நான் யாருக்கும் இப்படிச் சொன்னது கெடையாது. கூடப் பொறந்தவங்க கூட செய்ய மாட்டாங்க. அது நின்ன ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து காய் ஒடச்சீங்களே, ரொம்ப நன்றிக்கா. இதோ, நல்லபடியா பாடிருச்சு. அந்தக் கடைசிக் காயையும் ஒடச்சிருங்க."

முனியம்மா கூடையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"எம்மவன் நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தவன், தம்பி. அது நின்ன ஒவ்வொரு தடவையும் முனியாண்டிக்கு நன்றி சொல்லித்தான் ஒடச்சேன்; இத அடுத்த தடவ நிக்கிறப்ப ஒடைக்க வெச்சிருக்கேன்."