தாரண்ணை போட்ட வீதி

கம்ப்யூட்டருக்குள் ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில், ஒருவரும் நடக்காத வீதியில், ஒரு மனிதர் ஏன் மாதக்கணக்கில் குழி விழுத்த வேண்டும்? இன்றுவரை எனக்கு விடை தெரியாது. வெள்ளவத்தையில் எங்கள் மேல் அறையில் வாடகைக்கு இருந்த தாரண்ணையைப் போல வீதியை நேசித்தவர் இலங்கையிலேயே இல்லை. வீதி போடுகிறவர்களில் நிச்சயமாக இல்லை.

ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்காக, கோட்டையிலிருந்து கல்கிசை வரையான கரையோரப் பாதையை அவர் செய்துகொண்டிருந்தார். கடல், ஸ்டேஷன், தென்னை எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டன. வீதி மட்டும் முடியவில்லை.

"றெயிலை எவனும் செய்வான், தங்கச்சி. றோட்டிலதான் பொய் பிடிபடும். ரிப்பன் விரிச்ச மாதிரிக் கிடந்தா ஆர் நம்புவினம்?"

ஆகவே பஸ் பிரேக் பிடிக்கும் இடங்களைக் கறுப்பாக்கினார். ஓரத்தில் கடல் மணலைத் தூவினார். வெற்றிலைத் துப்பலுக்கென்றே மூன்று விதச் சிவப்பு வைத்திருந்தார்.

இந்தச் சண்டைக் காலத்தில் தண்டவாளத்தருகே நின்று படம் எடுக்க முடியுமா? அதனால் நிறம் பார்க்க வீதியையே பெயர்த்துச் சட்டைப்பையில் கொண்டுவந்தார். சென்றியில், அதுதான் ஆமிக் காவலரணில், மறித்து அந்தத் தார்க்கட்டியைக் காட்டி, "மொகக்த மே?" என்று, இது என்னவெனச் சிங்களத்தில் கேட்டார்களாம். "பார" என்றாராம், அதாவது வீதி என்று, பணிவாக. அவரையும் வீதியையும் பொலிசிலிருந்து என் கணவர் மீட்டுவந்தார். தாரண்ணை என்ற பட்டப்பெயர் அன்று வந்ததுதான்.

எனக்குப் பயம் பிடித்தது. வீட்டில் கைக்குழந்தை. அவரோ விளையாட்டின் ஸ்டேஷன் வீதியில் சென்றியை மணல் மூட்டை, முள்ளுக்கம்பியோடு அச்சொட்டாகச் செய்து வைத்திருந்தார். ஆமி கண்டால் அவரும் போவார், வீடு கொடுத்த நாங்களும் போவோம்.

"அண்ணை, அதை மட்டும் அழியுங்கோ."

"சென்றி இல்லாத றோட்டோ? உங்கட பிள்ளையே நம்பாது."

அழித்தார். முகம் செத்த வீடு மாதிரி இருந்தது.

அடுத்த கிழமையே ஆமிக்காரர் வீட்டைச் சோதிக்க வந்தார்கள். அதிகாரி கம்ப்யூட்டர் முன் அமர்ந்து, ரயிலை வெள்ளவத்தை வரை ஓட்டி நிறுத்தினார். "இங்கே எங்கள் சென்றி எங்கே?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான் அப்பவே சொன்னனான்தானே, தங்கச்சி" என்று தாரண்ணை என் பக்கம் திரும்பினார். பரிசு வாங்கியவரின் முகம்.

அதிகாரி சிரித்துவிட்டு, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்து இறங்கிப் போனார். குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நான் கதவு மூலையில் ஒதுங்கி நின்றதைத் தாரண்ணை அப்போதுதான் பார்த்தார். மறுநாள் பெட்டியோடு நின்றார்.

"பிள்ளை இருக்கிற வீடு, தங்கச்சி. நான் கல்கிசைப் பக்கம் போறன். அங்கத்தைய றோட்டு இன்னும் மோசமாம்."

இப்போது எங்கள் வீதிக்குப் புதுத்தார் போட்டிருக்கிறார்கள். அவர் உயிரைக் கொடுத்துச் செய்த குழிகளில் ஒன்றுகூட வெளியே இல்லை. சொன்னால் மனம் உடைந்துபோவார். அல்லது நிறம் பார்க்க அடுத்த ரயிலிலேயே வந்து இறங்குவார். சோதனைகளும் நிற்கவில்லை. ஆனாலும் மேல் அறையை நான் இன்னும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. அவருக்குச் சொல்லவா, விடவா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது யோசனை எழுதுங்கள்.