சாம்பல் வீரனும் ஒரு சாவு வீடும்

ஒரு நல்ல மனிதரை நான் சாகடித்துவிட்டேன். வேறு வழி இருக்கவில்லை. கண்டியில் 'சாம்பல் வீரன்' படத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

சுடலையில் எரிந்தவன் சாம்பலிலிருந்து எழுந்து வந்து அயோக்கியர்களை ஒரு கை பார்க்கும் கதை. சித்திரக்கதையாக வந்த காலத்தில் சமயப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தேன். அதனால் இன்றைக்கும் எனக்குத் தேவாரம் பாதியில் நின்றுவிடும். அது படமாகிவிட்டது என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் மனைவி கஜலட்சுமியிடம் எந்த முகத்தோடு கேட்பது? போன மாதம் அவள் ஒரு குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டபோது, தியேட்டர் கதிரையெல்லாம் மூட்டைப்பூச்சி என்று பெரிய பிரசங்கமே செய்திருந்தேன்.

ஆகவே, என்னோடு பிலிமத்தலாவை டவுன் கடையில் வேலை செய்யும் ஜீவனின் மாமனாரைக் கொன்றேன்.

"ஐயோ, இராமகிருஷ்ணன் ஐயாவா? தங்கமான மனுசன்! எப்படிங்க?"

"நெஞ்சு வலி."

"நானும் வர்றேன்."

"வேணாம் கஜா. ஒனக்கு முட்டி வலி. அங்க படியெல்லாம் ஏறணும்."

"சரிங்க. பாத்துப் போங்க. ரொம்ப அழாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. திரையில் வீரன் எழுந்தான், தியேட்டரே விசிலடித்தது. எனக்கு மட்டும் ஒட்டவில்லை. பக்கத்துக் கதிரை காலி. பேய் வரும்போது என் கையைப் பிடித்து நசுக்கியிருப்பாள். இடைவேளையில் கடலை கேட்டிருப்பாள். கூட்டி வந்திருக்கலாம். மூட்டைப்பூச்சியும் ஒன்றுகூட இல்லை.

ஹந்தானை மலை ஏறி வீட்டுக்கு வந்தபோது மாலைப் பனி இறங்கிவிட்டது. வாசலில் கால் வைத்தேன்.

"நில்லுங்க! சாவு வீட்டுக்குப் போயிட்டு அப்படியே உள்ள வர்றீங்க? பீலியில போய்த் தலை முழுகிட்டு வாங்க."

"குளிருது கஜா..."

"தீட்டுங்க."

மலையிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர். தலையில் விழுந்ததும் உயிர் ஒருமுறை போய் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து கோழிக்கறி வாசம்.

"நல்லா முழுகுங்க! போட்டிருக்கிற உடுப்பையும் நனைங்க!"

பல்லெல்லாம் தந்தியடித்தது. இவளை ஏமாற்றினோமே என்று வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டு, நாளைக்கே ஒரு படத்துக்குக் கூட்டிப் போவது என்று முடிவெடுத்தேன்.

"கஜா, ஒன்னு சொல்லணும்..."

"மொதல்ல நான் சொல்றேங்க. நீங்க வேணாம்னீங்க. மனசு கேக்கல. சாவு வீட்டுக்குப் போகாம இருக்கலாமா? பஸ் ஏறிட்டேன்."

"போ... போனியா?"

"போனேன். பொணமே வந்து கதவத் தொறந்துச்சு. கையோட கூட்டிட்டு வந்துட்டேன்."

துவாயைச் சுற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். என் கதிரையில், என் தட்டில், இராமகிருஷ்ணன் ஐயா கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எலும்பைக் கீழே வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"தம்பி, என்னைய எத்தனை மணிக்கு எடுத்தாங்க?"