வீட்டுக்குக் கண்ணும் வாயும் வைத்தவர்

நெவில் டிரான்ட்டர் எனக்கு எழுநூற்று இருபது டாலர் தர வேண்டியிருந்தது. ஐந்து வாரமாகத் தரவில்லை. மனிதர் மோசக்காரர் இல்லை, கஞ்சரும் இல்லை. போன வெள்ளத்தில் என் வாசலுக்கு மணல் மூட்டை தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர். பிறகு ஏன் தரவில்லை என்றால், அவர் ஒரு தனி இனம். அந்த இனத்துக்குப் பெயர் வைத்தவன் நான்தான்: வீட்டுக்குக் கண்ணும் வாயும் வைத்தவர்கள்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் வந்துகொண்டிருக்கிறார்.

அடையாளம் கேட்கிறீர்களா? அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். தட்ட முடியாது. நீங்கள் படிக்கு நாலடி தள்ளி நிற்கும்போதே கதவு பேசும்: "வா சார்லி, ஷூவுல சேறு இருக்கு, பாத்து." கதவுக்குள்ளிருந்து வருவது நெவில் குரல்தான், ஆனால் நெவில் வீட்டில் இல்லை, எங்கள் ஊர் மக்காய் துறைமுகத்திலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, கடலில், படகில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். மீன் தூண்டிலை இழுப்பது அவருக்குத் தெரியாது. என் ஷூவில் சேறு இருப்பது தெரியும்.

உள்ளே போனால் உட்காரச் சொல்லமாட்டார். "இங்க நில்லு, இப்ப பாரு" என்பார். அதுதான் இந்த இனத்தின் சடங்கு. கல்யாணமோ சாவோ எதற்காக நீங்கள் போயிருந்தாலும், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டுப் போயிருந்தாலும், முதலில் திரைச்சீலை தானாக மூடுவதையும், மூடியது தானாகத் திறப்பதையும், விளக்கு நீலமாகி, ஊதாவாகி, ஆஸ்பத்திரி வெள்ளையாவதையும், குளிர்பெட்டி தன் வயிற்றிலுள்ள பீர் போத்தல்களை எண்ணிச் சொல்வதையும், வெயில் ஏறிக் கூரைத் தகடு மின்சாரம் கொடுக்கும்வரை துணி துவைக்க மாட்டேன் என்று சலவை இயந்திரம் மறுப்பதையும் பார்த்து முடித்தால்தான் தண்ணீர். முதல் தடவை எதுவும் நடக்காது. நடக்கவே நடக்காது. அப்போது அவர் வாயிலிருந்து அந்த இனத்தின் தேசிய கீதம் வரும்: "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

இரண்டாவது கீதமும் உண்டு: "இனிமே எழுந்திருக்கவே வேணாம்!" இதைச் சொல்லிவிட்டு எழுந்து தொலைபேசியைத் தேடுவார், எழுந்து மூக்குக்கண்ணாடியைத் தேடுவார், எழுந்து தொலைபேசிக்கு மின்சாரம் ஏற்றுவார், எழுந்து மூலையில் இருக்கும் இணையப் பெட்டியை அணைத்துத் திரும்பப் போடுவார். விளக்கு எரியும். நான் பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன், பதினாலில் கரும்பு வெட்டப் போனவன், கணக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் எழுந்தது நான்கு தடவை என்று எண்ணத் தெரியும். என் வீட்டில் ஒரு விளக்குக்கு ஒரு விசை. எண்பத்தொன்றாம் வருஷம் நானே பொருத்தியது. லைசென்ஸ் இல்லாமல் செய்தது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். நெவிலும் மனைவி ஜாய்லினும் டவுன்ஸ்வில் நகரத்துக்குப் போயிருந்த வாரம் அவர்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் வெடித்தது. வீடே தண்ணீரை மூடிவிட்டு அவருக்குச் செய்தி சொன்னது. எங்கள் பக்கத்துப் பிப்ரவரிக் கோடைப் புழுக்கத்தில் அவர் கதவைத் திறக்கும்போது வீடு சில்லென்று காத்திருக்கும். போன புயலுக்கு நான் ஏணி மேல் நின்று ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டுத் தகரத் திரைகள் வரிசையாகத் தாமே இறங்கின; கடைசி திரை இறங்குமுன் சோபாவிலிருந்து எனக்கு ஒரு கையசைப்பு வேறு. பொறாமையா? எனக்கா? இந்த ஊரில் பாதி வீட்டு வாசலுக்குக் கான்கிரீட் போட்டவன் நான். விரிசல் கண்டவர் வந்து காட்டட்டும்.

நெவிலுக்கு இந்தச் சீக்கு எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் அறுபது பேருக்கு மேற்பார்வையாளர். யார் எப்போது வந்தான், எவன் எங்கே நிற்கிறான், எல்லாம் அவர் முன்னால் திரையில் ஓடும். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். மேற்பார்வை பார்க்க ஜாய்லின் ஒருத்திதான். ஜாய்லினை மேற்பார்வை பார்ப்பதா? அடுத்த மாதமே கடைக்குப் போய் அறுபது சாமான் வாங்கி வந்தார்.

அறுபதுக்கும் சேர்த்து ஒரு குரல். பெவர்லி என்று பெயர் வைத்திருக்கிறார். ஜாய்லின் இரண்டு வருஷமாக அதனுடன் ஒரு வார்த்தை பேசியதில்லை. விளக்கு வேண்டுமென்றால் இருட்டில் தடவிக்கொண்டு போவாள், பெவர்லியைக் கேட்க மாட்டாள்.

"ஏன் ஜாய்லின், கேட்டாத்தான் என்ன?" என்றேன் ஒருநாள்.

"கேளுங்க சார்லி. முப்பத்தெட்டு வருஷத்துல அந்த மனுஷன் என்கிட்ட ஒரு தடவை 'தயவு செஞ்சு'ன்னு சொன்னதில்ல. அவகிட்ட தினம் பதினஞ்சு தடவை சொல்றான். நான் எதுக்கு அவகிட்ட போய் நிக்கணும்?"



வீட்டில் பெவர்லியின் கண் படாத இடம் ஒன்றுதான்: தெருவாசலில் ஜாய்லின் வைத்திருக்கும் மாம்பழ மேசை. பை ஒன்று ஐந்து டாலர், பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. வருகிறவர் பணத்தைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் பக்கம் இப்படித்தான் விற்போம், காவலுக்கு ஆள் கிடையாது. நெவில் அங்கேயும் ஒரு கேமரா வைக்கக் கிளம்பினார். "அந்தப் பெட்டி மேல கண்ணு வெச்ச, உன் பெவர்லியைக் கொண்டுபோய் ஆத்துல போட்டுடுவேன்" என்று ஜாய்லின் சொன்னது நாலு வீட்டுக்குக் கேட்டது. திட்டம் கைவிடப்பட்டது.

இப்போது என் எழுநூற்று இருபதுக்கு வருகிறேன்.

நெவில் புல் வெட்ட ஓர் இயந்திரம் வாங்கினார். ஆமை மாதிரி தானே தோட்டத்தில் ஊர்ந்து வெட்டிவிட்டுத் தானே கொட்டிலுக்குத் திரும்பும். கொட்டிலுக்கு ஒரு தளமும், ஆமை வர ஒரு பாதையும் வேண்டும். நான் வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் என்னைத்தான் கூப்பிட்டார், யாரைக் கூப்பிடுவார்? மணிக்கு அறுபது டாலர், கையில் காசு என்று பேச்சு. வெயிலுக்கு முன் முடிக்க, காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை, இரண்டு நாள். பன்னிரண்டு மணி நேரம். முடித்தேன். கண்ணாடி மாதிரி தளம். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

மறுநாள் நெவில் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"சார்லி, ஐந்நூறுதான் வருது."

"எப்படி?"

"பெவர்லி கணக்கு. உன்மேல எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்லப்பா. சும்மா, இருக்கறதை இருக்கறபடி. தேநீர் குடிச்சது ரெண்டு நாளும் சேர்த்து அறுபத்தஞ்சு நிமிஷம். மாமரத்துக்குப் பின்னால போனது பத்து நிமிஷம். சும்மா நின்னது நூத்தி நாப்பத்தஞ்சு நிமிஷம். மொத்தம் இருநூத்தி இருபது. நிமிஷத்துக்கு ஒரு டாலர்."

எனக்கு வந்ததே கோபம். பதினாலு வயதில் கரும்புக் காட்டில் ஒரு கங்காணி எங்கள் காலைத் தேநீருக்குக் காசு பிடிக்கப் பார்த்தான். இருபத்திரண்டு பேர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தோம். கரும்பு காய்ந்தது. மூன்றாம் நாள் அவனே தேநீர் ஊற்றினான். அன்று முதல் அறுபது வருஷமாக என் தேநீருக்கு யாரும் காசு பிடித்ததில்லை. என்னை வைத்துப் பாலம் கட்டிய கம்பெனியும் பிடிக்கவில்லை, சர்ச்சுக்குத் தளம் போடக் கூப்பிட்ட பாதிரியாரும் பிடிக்கவில்லை. ஒரு வாசற்கதவு பிடிக்கிறது!

"சும்மா நின்னேனா? அது கான்கிரீட் இறுகறதைப் பாத்துக்கிட்டு நின்னதுடா! மேல தண்ணி வத்தறதுக்கு முன்னாடி பூசற கரணையை வெச்சா உன் தளம் அப்பளம் மாதிரி உரிஞ்சு வரும்."

"அசைவு இல்லைன்னு பதிவாயிருக்கே சார்லி."

"கோழி அடைகாக்கும்போதும் அசைவு இல்லைதான். முட்டை பொரியலையா?"

"ஐந்நூறை இப்பவே உன் வங்கிக் கணக்குல போட்டுடறேன். எண்ணைச் சொல்லு."

"எழுநூத்தி இருபது. கையில. இல்லேன்னா ஒத்தைக் காசு வேணாம்."

ஐந்து வாரம் இப்படியே. தெரு முழுக்கத் தெரியும். பணம் எனக்குப் பெரிதில்லை, மூன்று வீடு வைத்திருக்கிறேன். ஆனால் அந்த இருநூற்று இருபதை விட்டுக்கொடுத்தால் நான் சும்மா நின்றவன் என்று நானே கையெழுத்துப் போட்டதாகும். இரண்டு வாரம் தூக்கம் வராமல் யோசித்தேன். பிறகு பொறி தட்டியது: நான் மாமரத்துக்குப் பின்னால் போனதையே எழுதி வைத்த வீடு, மற்றதையும் எழுதியிருக்க வேண்டுமே?

போன சனிக்கிழமை காலை நேரே போனேன். நெவிலும் ஜாய்லினும் வராந்தாவில் இருந்தார்கள். கூரையைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்: "பெவர்லி, நான் வேலை செஞ்ச ரெண்டு நாளும் நெவில் எங்க இருந்தாரு?"

"மன்னிக்கவும். உங்கள் குரல் எனக்குப் பழக்கமில்லை" என்றது பெவர்லி.

நெவில் சிரித்தார். "வீட்டு ஆளுங்க கேட்டாத்தான் சொல்லுவா."

ஜாய்லின் கையிலிருந்த கத்தியையும் மாங்காயையும் மெதுவாகக் கீழே வைத்தாள். தொண்டையைச் செருமினாள். இரண்டு வருஷ விரதம் என் கண்ணெதிரே முறிந்தது.

"பெவர்லி. நான்தான் இந்த வீட்டுக்காரி. அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"வணக்கம் ஜாய்லின். உங்களோடு பேச மகிழ்ச்சி. முதல் நாள்: காலை ஆறு ஐம்பதிலிருந்து ஏழரை வரை நெவில் சார்லியின் பக்கத்தில் நின்று திரைச்சீலை பற்றிப் பேசினார். சார்லி இரண்டு முறை மண்வெட்டியை எடுத்தார். நெவில் இரண்டு முறை 'இதை மட்டும் பாத்துடு' என்றார்."

"பெவர்லி, தயவு செஞ்சு போதும்" என்றார் நெவில்.

"இன்னும் இருக்கிறது. தொடரட்டுமா?"

"தொடரு கண்ணு" என்றாள் ஜாய்லின்.

"இரண்டாம் நாள்: ஏழு ஐந்திலிருந்து ஏழு ஐம்பது வரை, குளிர்பெட்டி பற்றி. இரண்டு நாள் தேநீர் நேரம் முழுவதும் நெவில் உடன் இருந்தார். தட்டில் எட்டுப் பூசணி ரொட்டி. நெவில் ஆறு. சார்லி இரண்டு."

 புல் வெட்டும் ஆமை என் பாதையில் ஊர்ந்து கொட்டிலுக்குப் போனது. ஒரு குலுக்கல் இல்லை, அவ்வளவு மட்டம்.

ஜாய்லின் விரல் விட்டு எண்ணினாள். "நாப்பது, நாப்பத்தஞ்சு, அறுபத்தஞ்சு. நூத்தி அம்பது நிமிஷம் உன் பேச்சு நெவில். கேக்கறதும் வேலைதான், எனக்குத் தெரியாதா? மிச்சம் ஒரு மணி நேரம் கான்கிரீட் இறுகினது. அந்த நேரத்துல அவர் என்ன டான்ஸ் ஆடணுமா?"

"அந்த மாமரம்... பத்து நிமிஷம்..." என்று நெவில் முனகினார்.

"இந்த வருஷம் காய்ப்பு எப்படி?" என்று கேட்டேன் நான்.

"ஒடியற மாதிரி காச்சுது," என்றாள் ஜாய்லின். "அந்தப் பத்தும் சேரும்."

நெவில் முகம் வெயில்பட்ட மாம்பழமாகச் சிவந்தது. ஆனால் ஆள் தரமானவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். தலையை ஆட்டினார், சிரித்தேவிட்டார். "சரிப்பா, தோத்துட்டேன். எண்ணைச் சொல்லு, எழுநூத்தி இருபதையும் போட்டுடறேன்."

"கையில" என்றேன்.

அங்கேதான் சிக்கல். அவர் காசைத் தொட்டு மூன்று வருஷம். அறுபது சாமானும் சேர்ந்து தேடினாலும் அந்த வீட்டில் ஒரு நோட்டு அகப்படாது. ஜாய்லின் இறங்கி வாசலுக்குப் போனாள். யாரும் காவல் பார்க்காத, ஒரு பைக்குக்கூட இந்தப் பருவத்தில் காசு குறையாத அந்தத் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நீ அந்த ஃபோன்ல எனக்குப் போடு நெவில். சார்லி, கையைக் காட்டுங்க."

காட்டினேன். எல்லாம் ஐந்து டாலர் நோட்டும் இரண்டு டாலர் காசும். மாம்பழ வாசனை. முந்நூற்று நாற்பது வந்திருக்கும், என் சட்டைப்பையில் ஒரு சத்தம். கிறிஸ்துமஸுக்கு என் மகள் டெரேசா என் வாசலிலும் ஒரு கேமரா மாட்டிவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை, அவள் மனம் நோகக் கூடாதே என்று விட்டுவைத்திருக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் பார்ப்பதில்லை. இடது கையால் தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். என் வாசலில் ஒரு காட்டு வான்கோழி. "பாரு ஜாய்லின், இதை மட்டும் பாத்துடு, எவ்வளவு தெளிவாத் தெரியுது! அதோட நகம்கூட..."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெவிலும்.

நீங்களும் சிரிக்கிறீர்கள், இல்லையா? சிரியுங்கள். இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் பை எத்தனை தடவை சத்தம் போட்டது, நீங்கள் எத்தனை தடவை எட்டிப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாரோ எழுதி வைத்திருப்பார்கள்.

"எண்ணிக்கை போச்சு," என்றாள் ஜாய்லின். என் கையிலிருந்த அத்தனையையும் வழித்துப் பெட்டிக்குள் திரும்பக் கொட்டினாள். "முதல்லேருந்து. அதைக் கீழ வைங்க."

வைத்தேன், முகம் குப்புற. கையை நன்றாக விரித்தேன்.

"அஞ்சு," என்றாள். "பத்து. பதினஞ்சு..."

எழுநூற்று இருபது வரைக்கும் நான் அசையவில்லை.