அலைக்காரரும் பதினேழு மேற்கோள்களும்

அந்த வருடம் எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் நுண்ணோக்கி அறை காலியாகக் கிடந்தது. கூட்டமெல்லாம் அலைக்காரரின் அறைக்கு முன்னால்தான். மரபணுவைத் துண்டு போடுகிறவர், புரதத்தை எடை போடுகிறவர், கடவுளே இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர் என்று எல்லாரும் கையில் நீலக் கோப்போடு வரிசையில் நின்றார்கள். நீலம்தான் ராசியாம்.

அவர் விற்றது மேற்கோள். நாம் எழுதிய கட்டுரையை மற்ற ஆராய்ச்சியாளர்கள் எத்தனை முறை தங்கள் கட்டுரைகளில் சுட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. எங்கள் உலகில் மானமும் மரியாதையும் அதுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் அலை உண்டு, அதைத் தட்டி எழுப்பினால் மேற்கோள் கொட்டும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. தலைப்பில் ஒன்பது சொற்கள் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பதுக்குக் கட்டுரையை அனுப்ப வேண்டும். கடைசியாக ஒரு நன்றிக்கடன்: அவர் தரும் பட்டியலில் உள்ள பன்னிரண்டு கட்டுரைகளை நம் கட்டுரையில் மேற்கோளாகச் சேர்க்க வேண்டும். ஆனால் அவற்றைப் படிக்கக் கூடாது. படித்தால் அலை கலைந்துவிடும்.

நானும் நின்றேன். மூலக்கூறு உயிரியலில் பதினோரு வருடம் உழைத்தவள். என் வேலையை நிரந்தரமாக்குவதா, என்னை வீட்டுக்கு அனுப்புவதா என்று ஆண்டு இறுதியில் ஒரு குழு முடிவு செய்யவிருந்தது. நிரந்தரமாக நூறு மேற்கோள் வேண்டும். என்னிடம் இருந்தது முப்பத்தெட்டு. ஈஸ்ட் செல்லில் அறுந்துபோன டி.என்.ஏ. இழையை ஒரு புரதம் எப்படி ஒட்டவைக்கிறது என்று நான் கண்டது உண்மையா என்ற கவலை எனக்கு எப்போதோ போய்விட்டது. முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு என்று பல் துலக்கும்போதுகூட மனம் முணுமுணுத்தது. பயத்துக்குப் பட்டம் வாங்கியவர், வாங்காதவர் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது.

ஆறு மாதத்தில் எண்ணிக்கை தொண்ணூற்றொன்று ஆனது. நான் நீலப் புடவையாகக் கட்டத் தொடங்கினேன்.

என் நாத்தனார் அதே நிறுவனத்தில் நூலகர். மதியச் சாப்பாட்டின்போது என் புடவையை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணி, ஒரு எலிக்கு மருந்து குடுத்தா, மருந்து குடுக்காத எலி ஒண்ணையும் பக்கத்துல வச்சுப் பாப்பீங்கதானே?"

"அது சோதனைம்மா. இது அலை."

"சரி, அலைக்கும் ஒரு எலி இருந்துட்டுப் போகட்டும். நானும் அவர்கிட்ட பேர் குடுத்து அஞ்சு மாசம் ஆச்சு."

"நீயா? நீ எங்க கட்டுரை எழுதின?"

"எல்லாத்தையும் இப்பவே சொல்லிட்டா எப்படி?" என்று டப்பாவை மூடினாள்.

அடுத்த வாரம் அலைக்காரரின் வெற்றி விழா. அரங்கம் முழுக்க நீலம். அவர் அலையின் மகிமையைச் சொல்லி முடித்ததும் என் நாத்தனார் எழுந்தாள்.

"ஐயா, என் கட்டுரைக்குப் பதினேழு மேற்கோள் வந்திருக்கு."

"வராம? உங்க கட்டுரையைத் தொட்டதுமே விரல் சுட்டுதும்மா."

"எதைத் தொட்டீங்க? நான் தலைப்பு மட்டும்தானே குடுத்தேன். கட்டுரை இன்னும் எழுதவே இல்லையே."

அரங்கத்தில் யாரோ இருமினார். அவள் தலைப்பை வாசித்தாள்: 'சோதனைக் குடுவையை மூன்றாம் முறை கழுவும்போது தோன்றும் சலிப்பின் மூலக்கூறு அடிப்படை.' பட்டியலில் அதற்குப் போட்டிருந்த இதழ், அப்படி ஒன்று கிடையாது. பக்கம், இருநூற்றுப் பன்னிரண்டில் தொடங்கி இருநூற்று ஐந்தில் முடிகிறது.

"நீலக் கோப்பு வாங்கலை, செவ்வாய்க்கிழமை பாக்கலை. ஆனாலும் பதினேழு. ஏன்னா என் தலைப்பு உங்க எல்லார் பட்டியல்லயும் இருக்கு, உங்க தலைப்பு அடுத்தவங்க பட்டியல்ல இருக்கு. ஒருத்தர் முதுகை ஒருத்தர் சொறியறீங்க. அதுக்கு இவர் அலைன்னு பேர் வச்சிருக்கார்."

"நம்பிக்கை இல்லாதவங்களுக்கு அலை வராதும்மா," என்றார் அலைக்காரர்.

"வந்துதே ஐயா. இதுல ஒருத்தங்க, 'இம்முடிவு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது'ன்னு வேற எழுதியிருக்காங்க."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கருணைதான் என்னைக் கொன்றது. அந்த வாக்கியம் என்னுடையது. எழுதும்போது ஒரு நொடிகூடக் கை தயங்கவில்லை என்பது நினைவுக்கு வந்ததும் காது மடல் எரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மேடை காலியாக இருந்தது. அலை பின்வாசல் வழியாக ஓய்ந்திருந்தது.

மறுநாள் காலை அந்தப் பன்னிரண்டு மேற்கோள்களையும் நீக்கச் சொல்லி இதழ்களுக்கு எழுதினேன். மற்றவர்களும் எழுதினார்கள். என் எண்ணிக்கை சரிந்து நாற்பத்தொன்றில் நின்றது. அதோடு குழுவின் முன் போய் உட்கார்ந்தேன்.

"நாப்பத்தொண்ணுதானா?" என்றார் தலைவர்.

"ஆமா சார். எல்லாம் நிஜம்."

ஓரத்தில் இருந்த வயதான பேராசிரியை என் கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். "அந்தப் புரதத்தை எடுத்துட்ட பிறகும் சில செல்லு பிழைக்குதே, அது எப்படிம்மா?"

பதினோரு வருடத்தில் என் வேலையைப் பற்றி ஒரு குழு கேட்ட முதல் கேள்வி. மழுப்ப ஆயிரம் வழி இருந்தது.

"தெரியலை மேடம்."

அவர் தலைவரைப் பார்த்தார். "நிரந்தரமெல்லாம் அப்புறம் பாக்கலாம். இவங்களுக்கு ரெண்டு வருஷம் குடுங்க. கண்டுபிடிக்கட்டும்."

படித்த மகாஜனங்களே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகுங்கள். அதற்கு வெட்கப்படுகிறவர்களை நம்பித்தான் உலகத்தில் பாதிப் பேர் கடை திறந்து வைத்திருக்கிறார்கள்.