மலைக்கு ஒரு வாட்ச்மேன்

திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு, மலை காணாமல் போய்விடுமோ என்று பயந்த ஒரே மனிதர் அவர்தான். வேங்கிக்காலில் என் பக்கத்து வீட்டுக்காரர். தாலுகா ஆபீசில் ரிட்டயரானவர். தெருவுக்கு அவர் ‘மலை வாட்ச்மேன்’.

பயத்தைக் கிளப்பியவன் நான். கல்லூரியில் தத்துவம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? மொட்டைமாடியில் ஒருநாள், “யாருமே பாக்காத நேரத்துல மலை அங்கதான் இருக்குன்னு எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டுவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. மலையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினார். சலூனில் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லிச் சண்டை. மேகம் மூடினால் என் வீட்டுக் கதவு இடிபடும்.

“சார், அடிவாரம்தான் தெரியுது. மேல இருக்குதுங்களா?”

சாப்பிட உட்கார்ந்தால் மனைவியை மாடிக்கு அனுப்புவார். “மலை எங்கியும் போவாதுங்க, சோறுதான் ஆறிப்போவுது” என்று அந்த அம்மா அங்கிருந்தே கத்துவார்.

பௌர்ணமி மட்டும் லீவு. ஊரே கிரிவலம் சுற்றும்போது அவர் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார். “இன்னைக்குத்தான் லட்சம் பேரு பாக்கறாங்களே!”

பிறகு கண்ணில் புரை விழுந்தது. ஒரு கண் ஏற்கெனவே போயிருந்தது. மற்றதற்கு உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். பௌர்ணமியன்றுதான் கட்டுப் போட்டுக்கொள்வேன் என்று இவர் அடம்.

“அன்னைக்கு ரோட்டையே அடைச்சிருவாங்க பெரியவரே, நானே ஆஸ்பத்திரிக்கு வர முடியாது!”

நாள் தள்ளிப்போயிற்று. ஒருநாள் காலையில் படியில் தடுக்கி உருண்டார். ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்தேன். “நான் சும்மா சொன்னதுங்க. மலை உங்கள நம்பி நிக்கல” என்று கெஞ்சினேன்.

“அன்னைக்கு சும்மா சொன்னீங்களா, இல்ல இப்ப சும்மா சொல்றீங்களா?”

கட்டுப் பிரிக்கும்வரை மலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதன் பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்.

அன்று பார்த்து மழை. மாடியில் குடையும் நானும். மேகம் இறங்கி, எதிரே வெறும் வெள்ளை. போன் அடித்தது.

“சார், இருக்குதுங்களா?”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே நெஞ்சு திக்கென்றது.

“இருக்குங்க.”

“பாத்துட்டுதான சொல்றீங்க?”

“பாத்துட்டுதான்.”

பொய். அவர் நிம்மதியாகத் தூங்கினாராம். மேகம் விலகி உச்சி தெரியும்வரை நான் நகரவில்லை.

கட்டுப் பிரித்ததும் நேராக என் வீட்டு மாடிக்கு வந்தார். மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். “அதான் நீங்க இருக்கீங்களே” என்றார்.

இப்போது அவர் இல்லை. மலை இருக்கிறது. மேகம் மூடினால் நான் மாடியேறிவிடுகிறேன். கதவு இடிபடாதா என்று காது மட்டும் கீழேயே நிற்கிறது.