தட்டு மாஸ்டரும் மூன்று தட்டுகளும்

கொட்டாஞ்சேனையில் தட்டு மாஸ்டரிடம் அடி வாங்காத பாத்திரம் ஒன்றுகூட இருந்ததில்லை. பகலில் அவர் துறைமுகக் கந்தோரில் என் பக்கத்து மேசைக் கிளார்க். சனிக்கிழமைகளில் கல்யாண வீடுகளுக்குப் போகும் நடன பாண்டில் ட்ரம்ஸ் அடிப்பவர். சோற்றுக் கோப்பை, பானை மூடி, துரையின் மேசைமணி, எதைக் கண்டாலும் பென்சிலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைச் சாய்ப்பார்.

தேத்தண்ணிக்கடை நானா அவர் தலை தெரிந்ததுமே கிளாஸ்களை உள்ளே எடுத்துவிடுவார்.

"நானா, இதில ஒரு கிளாஸ் வெடிச்சிருக்கு."

"நீங்க தட்டித்தானே மாஸ்டர் வெடிச்சது!"

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த புதிது. ட்ரம்ஸோடு கம்பியில் மாட்டி அடிக்கும் மாஸ்டரின் பழைய பித்தளைத் தட்டில் கீறல் விழுந்து, அடித்தால் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் இரைந்தது. பாண்டின் தலைவரான ட்ரம்பெட்காரர் கந்தோர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஐசே, உம்மட தட்டு பாட்டுக்காரப் பிள்ளையின்ர குரலை விழுங்குது. வாற சனிக்கிழமையும் இப்பிடியெண்டால் நான் வேற ஆளைப் பிடிப்பன்."

அன்று முழுவதும் மாஸ்டர் எதையும் தட்டவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

ஊர் திரும்பக் காத்திருந்த ஒரு பட்டாளத்து வாத்தியக்காரர் இரக்கப்பட்டு மூன்று வெண்கலத் தட்டுகளைக் கொடுத்தார். ஒன்றை மாஸ்டரே வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை அவர் கப்பலேறுமுன் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினாறு, பதினெட்டு, இருபது அங்குலம். பாட்டு முழுவதும் குச்சியால் விடாமல் தட்டித் தாளத்தை ஓட்டிச் செல்வதற்கான தட்டுகள் அவை.

வியாழன் பின்னேரம் மாதா கோயில் மண்டபத்தில் பரீட்சை. மாஸ்டர் அடித்தார். நான் கடைசி வாங்குப் பலகையில் அமர்ந்து கொப்பியில் எழுதினேன். பதினாறு: கிளாஸில் கரண்டி பட்டதுபோல் ஒலி, உடனே அடங்குகிறது. பதினெட்டு: அடுத்த தெருவில் ட்ராம் மணி. இருபது: குச்சி படும் ஒலி கனமானது, பின்னால் நீண்ட இரைச்சல், பத்து எண்ணும்வரை ஓயவில்லை.

"இருபதின்ர குரலைக் கேட்டீரா? கடல் ஐசே, கடல்!" மாஸ்டர் அதைக் கன்றுக்குட்டிபோலத் தடவினார்.

"பாட்டுக்காரப் பிள்ளை அந்தக் கடலுக்குள்ள தாண்டுபோகும். பதினாறை எடும்."

"நிச்சயமோ?"

"ஓம். எழுதியே வைச்சிருக்கிறன்."

நான் எழுதியது என்றால் மாஸ்டருக்கு மறுபேச்சில்லை.

சனிக்கிழமை அதே மண்டபத்தில் முந்நூறு பேர். பட்டுச் சேலைகளும் கம்பளிக் கோட்டுகளும் பதினாறின் சத்தத்தைச் சொட்டு விடாமல் குடித்துவிட்டன. தாளம் கேட்காமல் பியானோ முந்தியது. மாப்பிள்ளை பெண்ணின் காலை மிதித்தார். ட்ரம்பெட்காரர் மாஸ்டரைப் பார்த்த பார்வை எனக்கே சுட்டது. அப்போதுதான் உறைத்தது: எல்லாவற்றையும் எழுதிய நான், வியாழக்கிழமை மண்டபம் வெறுமையாக இருந்ததை எண்ணிப் பார்க்கவில்லை.

மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். இருபதை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் திரும்பினேன். ஒவ்வொரு குழியிலும் அது முழங்கியது. சாகக் கிடப்பவருக்கு நற்கருணை கொண்டுபோகும் மணியென்று நினைத்து மூன்று பெண்கள் தெருவோரம் முழந்தாளிட்டார்கள். வேறு வழியில்லாமல் நானும் முகத்தைப் பக்தியாக வைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் தட்டை மாற்றினோம். இரைச்சலைக் கூட்டம் வாங்கிக்கொண்டது; குச்சியின் ஒலி மட்டும் தெளிவாக நின்றது. பாட்டுக்காரப் பெண்ணின் குரல் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. முந்நூறு பேரின் கால்களும் ஒன்றாக விழுந்தன.

ஆட்டம் முடிந்ததும் ட்ரம்பெட்காரர் வந்தார். "இனி இந்தத் தட்டு, இந்த ஆள். அது சரி, அந்தச் சின்னனைத் தெரிஞ்செடுத்த மடையன் ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். மாஸ்டர் என் காலை அழுத்தி மிதித்தார்.

"நான்தான் ஐசே. இந்தாள் வேண்டாமெண்டுதான் சொன்னது."

அதன்பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைத் தன் முட்டாள்தனமாகவே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்மூடும்வரை மாற்றிச் சொல்லவில்லை.

பதினாறைத் தேர்ந்தவன் நான். அவர் இருக்கும்போதே இதை எழுதியிருக்கலாம்.